சிறுகலம் சொல்லும் பெருங்கலை

நுழையும்முன்

மரக்கலங்கள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. உப்புநீரும் கடற்புழுவும் அவற்றை அரித்துவிடுகின்றன. பழுதானவற்றின் பலகைகள் விறகாகிவிடுகின்றன. அவற்றைக் கட்டிய கைவினைஞர் பலர் வரைபடம் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய அறிவு கண்ணிலும் கையிலும் தங்கியிருந்தது. அத்தகைய அறிவை இழந்துவிடாமல் காக்கவும், இழந்ததை மீட்டெடுக்கவும் உதவும் வழிகளுள் ஒன்று, பாய்மரக் கப்பலின் மாதிரியை மரத்தால் அமைப்பதாகும். அக்கலையின் படிநிலைகளையும் அது கற்றுத்தரும் உண்மைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பொம்மை அன்று, ஆவணம்

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட மாதிரிக் கப்பலைக் காண்போர் அதனை அழகிய பொம்மை என்றே கருதுவர். ஆனால், முறையாக அமைக்கப்பட்ட மாதிரி ஒரு நூலுக்கு நிகரானது. கப்பலின் எந்த உறுப்பு எந்த உறுப்பைத் தாங்குகிறது, எது முதலில் பொருத்தப்பட்டது, எது ஏன் வளைந்துள்ளது என்பவற்றை அது காட்டிவிடுகிறது.

எகிப்து நாட்டின் கீசாவில், மன்னர் கூபுவின் பெரும்பிரமிடுக்கு அருகே 1954ஆம் ஆண்டு ஒரு குழி கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கப்பல் ஒன்று, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு அதனுள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மொத்தம் 1224 துண்டுகள்; அவற்றை எவ்வாறு இணைப்பது என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. இணைக்கும் பொறுப்பை ஏற்ற அகமது யூசுப் முஸ்தபா என்னும் எகிப்திய வல்லுநர், நைல் ஆற்றங்கரைப் படகுத் துறைகளுக்குச் சென்று, அங்குள்ள தச்சர்கள் வேலை செய்யும் முறையைக் கற்றார். சிறிய மாதிரிகளை அமைத்து, பலகைகள் பொருந்தும் வரிசையை ஆராய்ந்தார். பத்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பின், 43 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடைய அக்கப்பல் மீண்டும் முழு வடிவம் பெற்றது. பெருங்கலத்தின் புதிரை விடுவிக்கச் சிறுகலம் துணைநின்றது.

அண்மைக் காலத்திலும் இத்தகைய பணி நிகழ்ந்துள்ளது. அஜந்தா குகையில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தில் காணப்படும் கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து இணைக்கும் பழைய முறையில் ஒரு பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது. 'கௌண்டின்யா' என்று பெயர் சூட்டப்பட்டு, 2025ஆம் ஆண்டு மே 21 அன்று கார்வார் கடற்படைத் தளத்தில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஓவியம் ஒரு பக்கத் தோற்றத்தை மட்டுமே தந்தது. நீருக்குள் அமையும் அடிப்பகுதியின் வடிவம் அதில் இல்லை. ஆகவே, வடிவமைப்பாளர் கருதிய வடிவம் கடலில் எவ்வாறு இயங்கும் என்பதை அறிய, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரியைக் கொண்டு சோதனைகள் செய்யப்பட்டன.

கலத்தைத் தேர்தல்

மாதிரி அமைப்போருக்கு இரு வழிகள் உள்ளன. வெட்டித் தயாராக்கிய உறுப்புகளைப் பெட்டியில் வாங்கி, குறிப்பேட்டின்படி ஒட்டி முடிப்பது ஒரு வழி. ஆயத்தப் பொருள் எதனையும் நாடாது, மரக்கட்டையிலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் தாமே அறுத்துச் செதுக்கி உருவாக்குவது மற்றொரு வழி. முதல் வழியில் பொறுமை வளரும்; இரண்டாம் வழியில் கப்பலே விளங்கும். ஆயத்தப் பெட்டியில் வேறொருவர் முன்னரே விடை கண்டுவிட்ட வினாக்கள் அனைத்தும், இரண்டாம் வழியில் செல்பவரை ஒவ்வொன்றாக எதிர்கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக, 'அன்னபூரணி' என்னும் கப்பலைக் கொள்ளலாம். இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் தமிழ்க் கைவினைஞர்கள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 89 அடி. 1930களில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி அதனை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, சூயசுக் கால்வாயையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் குளோசுடர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. இத்தகைய கப்பலுக்கு மாதிரி அமைக்க முற்படுபவர் முதலில் செய்ய வேண்டுவது சான்று திரட்டலாகும். ஒளிப்படங்கள், பதிவேடுகளில் காணும் நீள அகலங்கள், அதே மரபில் பின்னர் கட்டப்பட்ட கலங்களின் அளவுகள், முதிய ஓடாவிகளின் நினைவுகள் ஆகியன அச்சான்றுகளாம். கப்பல் கட்டும் தச்சரை 'ஓடாவி' என அழைப்பது கடற்கரை வழக்கு.

மூன்று தோற்றங்கள்

கப்பலின் உடல் எப்பக்கத்திலும் வளைவுடையது. அதனைத் தட்டையான தாளில் காட்ட மூன்று தோற்றங்கள் தேவை. பக்கத்திலிருந்து காணும் நெடுக்குத் தோற்றம் முதலாவது. மேலிருந்து காணும் தோற்றம் இரண்டாவது. இருபுறமும் ஒத்திருப்பதால் இதில் பாதியை மட்டும் வரைந்தால் போதும். முன்னிருந்தும் பின்னிருந்தும் காணும் குறுக்குத் தோற்றம் மூன்றாவது. ரொட்டியைத் துண்டு துண்டாக அரிவதுபோலக் கப்பலைக் குறுக்கே அரிந்தால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் எவ்வடிவில் இருக்குமோ, அவ்வடிவையே குறுக்குத் தோற்றம் காட்டுகிறது.

ஒரு தோற்றத்தில் குறிக்கப்பட்ட புள்ளி மற்ற இரு தோற்றங்களிலும் அதே அளவில் அமைய வேண்டும். ஓரிடத்தில் அகலத்தைச் சிறிது கூட்டினால் மற்ற இடங்களிலும் கோடுகளைத் திருத்த நேரிடும். மூன்றும் ஒத்து, கோடுகள் எங்கும் திடுமென முறியாமல் ஒழுகிச் செல்லும்போதுதான் வரைபடம் நிறைவுறுகிறது. இவ்வளவையும் ஓடாவிகள் தாளின்றி, வளைந்து கொடுக்கும் மெல்லிய மரச்சட்டத்தையும் தம் கண்ணையும் கொண்டு கணித்தனர் என்பது எண்ணத் தக்கது.

அளவும் அதன் விளைவும்

மாதிரிக் கப்பல்களில் பெரிதும் வழங்கும் விகிதம் 1:48. உண்மைக் கப்பலின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம் ஆகும். இங்கிலாந்துக் கடற்படைக்காகப் பதினேழாம் நூற்றாண்டு முதல் அமைக்கப்பட்ட மாதிரிகள் பலவும் இவ்விகிதத்தில் உள்ளன. அவற்றுட் பலவற்றில் அடிப்பகுதி பலகையிட்டு மூடப்படாமல் விடப்பட்டிருப்பதால், உள்ளே உள்ள கட்டமைப்பை இன்றும் காணலாம்.

இவ்விகிதத்தில் 89 அடிக் கப்பல் 22¼ அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 56.5 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஐந்தரை அடி உயர மாலுமி மூன்றரை சென்டிமீட்டர் உயரம் பெறுவார். ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகை ஒரு மில்லிமீட்டர் ஏடாகிவிடும். நீளம் 48இல் ஒரு பங்காகும்போது, பரப்பு 48 × 48, அதாவது 2304இல் ஒரு பங்காகவும், கனஅளவு 48 × 48 × 48, அதாவது 1,10,592இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. நீளம், பரப்பு, கனஅளவு ஆகிய மூன்றும் ஒரே வீதத்தில் சுருங்குவதில்லை என்னும் இவ்வுண்மை, பின்னர் மாதிரியை நீரில் விடும்போது பெரிய விளைவை உண்டாக்குகிறது.

மரத்தின் இயல்பு

பெருங்கப்பலுக்குத் தேக்கு சிறந்தது. மாதிரிக்கோ அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. மரத்தின் இழைகளையும் நுண்துளைகளையும் 48 மடங்கு சுருக்க இயலாது; தேக்கின் துளைகள் சிறுகலத்தின் பலகையில் பள்ளங்கள்போலத் தோன்றும். எனவே, இழை நெருங்கி, துளை நுண்ணியதாய் அமைந்த மரமே வேண்டும். ஐரோப்பியர் பேரி மரத்தை விரும்பிப் பயன்படுத்துவர். தமிழ்நாட்டில் மஞ்சள்கடம்பு இப்பணிக்கு ஏற்றது. கடைசல் வேலைக்குப் பெயர்பெற்ற மரம் அது. எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. ஈரம் உலராத மரம் பின்னர் சுருங்கி, ஒட்டிய இணைப்புகளை விலக்கிவிடும்.

எராவும் வங்கும்

கப்பலின் முதுகெலும்பாக அடியில் நீண்டு கிடக்கும் மரம் எரா. அதன் முன்முனையில் அணியத்தின் நிமிர்மரமும் பின்முனையில் சுக்கானைத் தாங்கும் மரமும் எழுகின்றன. எராவின்மீது விலா எலும்புகள்போல வரிசையாக நிற்பவை வங்குகள். இரு பக்க வங்குகளையும் இணைத்து, மேல்தளத்தைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல்.

ஒரு வங்கினை அகன்ற பலகையிலிருந்து ஒரே துண்டாக அறுத்துவிடலாம் எனத் தொடக்கத்தில் தோன்றும். அவ்வாறு அறுத்தால், வளைவின் சில இடங்களில் மர இழைகள் வங்கின் நீளத்தோடு ஓடாமல் குறுக்கே ஓடும். அவ்விடங்களில் வங்கு விரலால் அழுத்தினும் முறிந்துவிடும். ஆகவே, இழை வளைவைத் தொடர்ந்து செல்லும்படி சிறு சிறு துண்டுகளை அறுத்து, இரு அடுக்குகளாக ஒட்ட வேண்டும். ஓர் அடுக்கின் மூட்டு, மற்றோர் அடுக்கின் துண்டுக்கு நடுவில் அமைய வேண்டும். பெருங்கப்பல் கட்டுவோர் இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடியதன் காரணம் இங்குப் புலனாகிறது. கருவேல மரத்தின் கோணலான கிளை வீட்டுத் தூணுக்கு உதவாது. வங்குக்கோ அதுவே சிறந்தது. ஓடாவி ஒரு மரத்தைப் பார்க்கும்போதே அதனுள் இருக்கும் வங்கினைக் கண்டுகொள்வார்.

வங்குகள் எராவுக்குச் செங்குத்தாகவும் சம இடைவெளியிலும் நிற்க வேண்டும். இதற்காக, பள்ளம் வெட்டிய தாங்குபலகையில் அவற்றை நிறுத்தி ஒட்டுவர். பின்னர் மெல்லிய சட்டம் ஒன்றினை வங்குகளின்மேல் நீளவாக்கில் வளைத்து வைத்துப் பார்ப்பர். அது எல்லா வங்குகளையும் தொட்டுச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி தோன்றினால் அங்குள்ள வங்கு தாழ்ந்துள்ளது. சட்டம் மேடேறினால் அங்குள்ள வங்கு புடைத்துள்ளது. தாழ்ந்ததன்மேல் மெல்லிய ஏட்டை ஒட்டியும் புடைத்ததைத் தேய்த்தும் சரிசெய்ய வேண்டும். இப்பணியில் அவசரப்பட்டால், பின்னர் இடப்படும் பலகை அப்பிழையை மறைப்பதில்லை. மேலும் தெளிவாகக் காட்டிவிடும்.

பலகை பொதிதல்

பலகை பொதிதல் பொறுமையைச் சோதிக்கும் பணியாகும். கப்பலின் நடுப்பகுதி பருத்தது, அணியம் ஒடுங்கியது. ஒரே அகலமுள்ள பலகைகளை இரண்டிடத்திலும் அடுக்க இயலாது. நடுவங்கில் எராமுதல் மேல்விளிம்புவரை வளைவின் அளவு 90 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகைகள் 18 தேவை. அணியத்தில் அவ்வளவு 63 மில்லிமீட்டராகக் குறைந்தால், அதே 18 பலகைகளும் அங்கு மூன்றரை மில்லிமீட்டர் அகலமே பெறும். எனவே, ஒவ்வொரு பலகையையும் முன்முனை நோக்கி ஒடுங்கும்படி சீவ வேண்டும். பாதிக்கும் குறைவாக ஒடுங்க நேர்ந்தால், இரு பலகைகளை இடையில் ஒன்றாக்கி முடிப்பது மரபு. பின்புறத்தில் பரப்பு விரியும் இடங்களில் ஆப்பு வடிவப் பலகையை இடைச்செருகுவர்.

பலகையை நீரில் ஊறவைத்து வெம்மை ஊட்டினால் அது வளைந்து கொடுக்கும். வளைத்த நிலையில் உலரவிட்டு, பின்னர் ஒட்ட வேண்டும். இடப்புறம் ஒன்று பொருத்தினால் அடுத்ததை வலப்புறம் பொருத்துவது நன்று. ஒரு பக்கத்தை முழுமையாக மூடிவிட்டு மறுபக்கம் வந்தால், பலகைகளின் இழுவிசையால் எரா முறுக்கிக்கொள்ளும். நேராக்குதல் பிறகு அரிது. உண்மைக் கப்பலில் பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாது அடைக்கும் கலப்பற்று வேலை நடைபெறும். மாதிரியில் பலகையின் விளிம்பில் கரிய கோடு தீட்டி அதனைக் காட்டுவர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எல்லா மரபுகளிலும் வங்கு முதலில் நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் வழங்கிய மசூலாப் படகு போன்ற தைத்த கலங்களில் பலகைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்தே உடலை உருவாக்கினர். தைத்த உடல் அலையின் மோதலுக்கு நெகிழ்ந்து கொடுத்ததால் கரையோர நுரையலைகளில் உடையாமல் தப்பியது. அத்தகைய கலத்துக்கு மாதிரி செய்பவர் வங்கிலிருந்து தொடங்கினால், வெளித்தோற்றம் பொருந்தினும் உள்ளிருக்கும் அறிவு பிழைபட்டுவிடும். செய்முறையின் வரிசையும் வரலாற்றின் ஒரு பகுதியே.

பாய்மரமும் கயிறும்

கூம்பு எனப்படும் பாய்மரம் உருண்டையானது. மேலே செல்லச் செல்ல மெலிவது. அதனை உருண்டைக் குச்சியிலிருந்து செய்வதில்லை. சதுரச் சட்டத்தை முதலில் உச்சி நோக்கி ஒடுங்கச் சீவுவர். பின் விளிம்புகளை நீக்கி எண்முகம் ஆக்குவர். அதனைப் பதினாறு முகமாக்கி, இறுதியில் தேய்த்து உருட்டுவர். பெரிய கப்பலின் பாய்மரத்தைச் செதுக்கும் முறையும் இதுவேயாகும்.

அன்னபூரணியைப் போன்ற இரட்டைப் பாய்மரக் கப்பலில் முன்மரத்தில் குறுக்குவாட்டுப் பாய்களும் பின்மரத்தில் நெடுக்குவாட்டுப் பாய்களும் அமையும். முன்னவை பின்னிருந்து வீசும் காற்றை முழுமையாக ஏற்கும். பின்னவை பக்கவாட்டுக் காற்றிலும் கப்பலை முன்செலுத்தும். இரண்டும் சேர்ந்ததால் பல்வகைக் காற்றுக்கும் அக்கப்பல் ஈடுகொடுத்தது.

கப்பலின் கயிறுகள் இருவகையின. பாய்மரத்தை அசையாமல் இழுத்துப் பிடிப்பவை நிலைக்கயிறுகள். மழைக்கும் வெயிலுக்கும் தாங்க அவற்றுக்குத் தார் பூசுவர். பாய்களையும் அவற்றைத் தாங்கும் கழிகளையும் இயக்குபவை இயங்குகயிறுகள். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு இவ்வகையினது. ஆகவே, மாதிரியில் முன்னவற்றுக்குக் கருநிற நூலும் பின்னவற்றுக்கு வெளிர்நிற நூலும் இடுவர். தடிப்பும் விகிதப்படி அமைய வேண்டும். நான்கு அங்குலச் சுற்றளவுள்ள கயிற்றின் விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். 1:48 விகிதத்தில் அது 0.67 மில்லிமீட்டர் ஆகும். வேண்டிய தடிப்பில் நூல் கிடைக்காதபோது, மெல்லிய நூல்களைத் தாமே முறுக்கிக் கயிறாக்குவர். புரிகள் ஒரு திசையிலும், அவற்றைச் சேர்த்த கயிறு எதிர்த்திசையிலும் முறுக்கப்படுவதால் ஒன்றின் முறுக்கு மற்றொன்றைப் பிரியவிடாமல் காக்கிறது.

கயிறு கட்டும்போது மாதிரி அமைப்பவர் மேலும் ஓர் உண்மையைக் கற்கிறார். முன்கயிற்றை இறுக்கினால் பின்கயிறு தளர்கிறது. இடக்கயிற்றை மிகுதியாக இழுத்தால் பாய்மரம் இடப்பக்கம் சாய்கிறது. எல்லாக் கயிறுகளும் ஒன்றையொன்று சமன்செய்யும்போதுதான் மரம் நிமிர்ந்து நிற்கிறது.

நீரில் நிற்குமா?

விகிதம் சிறிதும் பிழையாத பாய்மர மாதிரியை நீரில் விட்டால், இளங்காற்றிலேயே அது கவிழ முற்படும். இது செய்பவரின் குறை அன்று. முன்னர்க் கூறிய அளவு விதியின் விளைவு. ஒரே வேகமுள்ள காற்றில், கப்பலைச் சாய்க்கும் விளைவு பாயின் பரப்பையும் அதன் உயரத்தையும் பொறுத்தது; ஆகவே அது நீளத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. கப்பலை நிமிர்த்தும் விளைவு அதன் எடையையும் எடை செயற்படும் தொலைவையும் பொறுத்தது. எடை கனஅளவைச் சார்ந்ததாதலால், இவ்விளைவு நீளத்தின் நான்மடிக்கேற்பக் குறைகிறது. எனவே, 1:48 மாதிரி அதே காற்றில் உண்மைக் கப்பலைவிட 48 மடங்கு எளிதில் சாயும். நீரில் ஓடவிடும் மாதிரிகளுக்கு எராவின்கீழ் ஆழமான கூடுதல் எடை பொருத்துவதன் காரணம் இதுவே.

எஞ்ச வேண்டிய அறிவு

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பாய்விரித்து ஓடின. பின்னர் அவற்றில் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. பாய் தைப்பவர், காற்றுக்கேற்பக் கயிற்றை இழுத்துத் தளர்த்துபவர், வளைந்த கிளையில் வங்கினைக் காண்பவர் ஆகியோரின் அறிவு அடுத்த தலைமுறைக்குத் தேவையற்றதாகத் தோன்றத் தொடங்கியது. ஒரு கலம் அழிந்தால் அதுபோன்ற வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். கட்டத் தெரிந்த கடைசி மனிதரும் மறைந்தபின் அவ்வாறு கட்டுதல் இயலாது.

மாதிரி அமைப்பவர் அந்த அறிவின் சிறு பகுதியையேனும் தம் கைக்கு மாற்றிக்கொள்கிறார். முதிய ஓடாவி ஒருவரிடம் அமர்ந்து, ஒரு தோணியின் வங்குகளை அளந்து, உறுப்புகளின் பெயர்களைக் கேட்டெழுதி, அவற்றைக் கால் அங்குல அடியில் மரத்தில் நிறுத்தும்போது, இதுவரை எழுதப்படாத நூலொன்று எழுதப்படுகிறது. கீசாவின் குழியில் கிடந்த 1224 துண்டுகளுக்கு விடைகாண நைல் நதித் தச்சர்கள் அன்று உயிரோடிருந்தனர். தமிழகக் கரைகளிலும் கேட்டறிதற்குரியோர் இன்னும் இருக்கின்றனர். கேட்பதற்குரிய காலம் இதுவேயாகும்.

தெரிந்து தெளிவோம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மண்ட் பாரிஸ், தம் கடற்பயணங்களின்போது ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கலங்களை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் கலங்களும் அவற்றுள் அடங்கும். 1871 முதல் 1893இல் மறையும்வரை பாரிசு நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய அவர், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகள் பலவற்றை அமைக்கச் செய்தார்.

கற்பவை கற்றபின்…

1. கடற்கரை, ஆற்றங்கரை அல்லது ஏரிக்கரையில் வழங்கும் படகு ஒன்றின் நீள அகலங்களை அளந்து, 1:48 விகிதத்தில் அதன் மூன்று தோற்றங்களையும் வரைந்து காட்டுக.

2. மீனவர், படகோட்டி, தச்சர் ஆகியோரிடம் கேட்டு, படகின் உறுப்புகளுக்கு வட்டார வழக்கில் உள்ள பெயர்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.

3. "செய்முறையின் வரிசையும் வரலாற்றின் ஒரு பகுதியே" – இக்கருத்தை வேறொரு கைத்தொழிலுடன் பொருத்தி வகுப்பறையில் உரையாற்றுக.